மேல்காற்றும் மணலும்: கடலோரக் கோல்ஃப் திடலின் குழிகளை எப்படிப் படிப்பது

மழை பெய்து இறுகிய தேரி மணலில், அதாவது எங்கள் திருநெல்வேலிக் கடற்கரைப் பக்கத்துச் செம்மணல் மேடுகளில், கோலி ஆடியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். குதிங்காலை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றினால் குழி வந்துவிடும், அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. சண்டையெல்லாம் அந்தக் குழியை எங்கே போடுவது என்பதில்தான். சரிவில் போட்டால் மேட்டுப் பக்கமிருந்து தட்டுகிறவனுக்குக் கோலி தானாக வந்து விழும், ஆனால் கை கொஞ்சம் கூடிப்போனால் குழியைத் தாண்டிப் பள்ளத்தில் போய் நிற்கும். பனை மூட்டுக்குப் பக்கத்தில் போட்டால் ஒரு பக்கம் வேர் மறிக்கும், அந்தப் பக்கமாக வருகிறவன் சுற்றித்தான் வரவேண்டும். திசையன்விளையிலிருந்து குட்டம் போகிற வழியில் எங்கள் தெருப் பையன்கள் ஒரு குழிக்காக ஒரு சாயங்காலம் முழுக்க வாதாடியிருக்கிறோம்.

பல வருடம் கழித்து எண்ணெய்க் கம்பெனி வேலையாக ஸ்காட்லாந்தில் அபர்டீன் ஊரில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே கடற்கரை மணலில் இதே வாதம் ஐந்நூறு வருடத்துக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது. 1457ஆம் வருடமே ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபுக்குத் தடை போட்டிருக்கிறது, ஜனங்கள் வில் பயிற்சியை விட்டுவிட்டு இதிலேயே கிடந்ததால்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன். கோல்ஃபில் குழி என்றால் கொடி நட்டிருக்கும் அந்தச் சின்னக் கிண்ணமும் குழிதான், முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து அந்தக் கிண்ணம் வரை உள்ள நிலம் முழுவதும் குழிதான். அடிக்கத் தொடங்கும் இடம் டீ, நடுவில் வெட்டிவிட்ட புல்வழி ஃபேர்வே, கடைசியில் மழமழவென்று வெட்டி வைத்திருக்கும் திட்டு கிரீன், வழியில் கிடக்கும் மணல் பள்ளங்கள் பங்கர். நல்ல ஆட்டக்காரர் எத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்ற கணக்கு பார். இப்படிப் பதினெட்டு குழி சேர்ந்தது ஒரு திடல். கிண்ணத்தின் அகலம் உலகம் முழுக்க ஒன்றுதான், நாலேகால் அங்குலம், அதை 1891இல் விதியாகவே எழுதிவிட்டார்கள். ஆக ஒரு குழிக்கும் இன்னொரு குழிக்கும் உள்ள குண வித்தியாசம் முழுக்க அந்தக் கிண்ணத்துக்கு வெளியே, நிலத்தில் இருக்கிறது.

அந்த நிலத்துக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் வைத்த பெயர் லிங்க்ஸ். கடலுக்கும் உழுகிற வயலுக்கும் நடுவில் கிடக்கும் மணல் காடு. விதைத்தால் விளையாது, அதனால் உழவர்கள் சீண்டவில்லை. ஆடு மேய்ந்தது, முயல் வளை தோண்டியது, ஊர்ப் பெண்கள் துணி உலர்த்தினார்கள், மீதி நேரத்தில் ஆண்கள் பந்து தட்டினார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 1552ஆம் வருடத்துச் சாசனம் ஒன்று இருக்கிறது, அங்கே ஆடுவதற்கு ஊர்ஜனங்களுக்கு உரிமை உண்டு என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் அந்த நிலம் பொதுநிலம்தான்.

இதைப் படித்தபோது எனக்கு நேராகத் தேரிதான் ஞாபகம் வந்தது. நம்முடையது சிவப்பு, இரும்பு ஆக்ஸைடு பூசின மணல். அவர்களுடையது வெளுத்த மணல். மற்றபடி காற்று கூட்டிக் குவித்த மேடு, நடுநடுவே மழைத்தண்ணீர் தேங்கும் தாழ்வு, மணலைப் பிடித்து வைக்கும் முரட்டுப் புல் என்று எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தம். நம் கடற்கரையில் இராவணன் மீசையும் அடப்பங்கொடியும் செய்கிற வேலையை அங்கே மார்ரம் என்ற புல் செய்கிறது. நாம் தருவை என்று சொல்லும் அந்தத் தாழ்வுக்கு அவர்களுக்கும் தனிச் சொல் இருக்கிறது. கிளாஸ்கோவில் படித்துவிட்டு 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் நம் தேரிகளைப் பற்றி அவ்வளவு கவனமாக எழுதியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, மணல் மேடுகள் உள்ள நாட்டிலிருந்து வந்தவர் அவர்.

மணல் நிலத்தில் ஆடுவதன் முதல் விளைவு, பந்து உருளும். தண்ணீர் நிற்காது, சத்து கிடையாது, அதனால் புல் குட்டையாக, மெல்லியதாக வரும். தரை கெட்டியாக இருக்கும். உள்நாட்டுத் திடல்களில் பந்து தொப்பென்று விழுந்து அங்கேயே நிற்கும், ஆட்டக்காரர் வானத்தில் கணக்குப் போட்டால் போதும். கடலோரத்தில் பந்து விழுந்த பிறகுதான் கதையே ஆரம்பிக்கிறது. விழுந்த இடத்திலிருந்து முப்பது கெஜம், சில சமயம் அதற்கு மேலும், மேடு பள்ளம் எல்லாம் ஏறி இறங்கிப் போகும். அதனால் கடலோரக் குழியை வரைகிறவர் தரையின் சரிவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரொம்பப் பழைய குழிகளுக்கோ வரைந்தவர் என்று ஒருவரே இல்லை. குளிருக்கும் காற்றுக்கும் ஆடுகள் மேட்டின் மறைவில் ஒண்டி ஒண்டிப் புல் தேய்ந்து மணல் தெரிந்த இடமும், முயல் வளை இடிந்து காற்று அரித்த இடமும் பங்கர் ஆயின என்றுதான் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய திடலில் ஆட்டம் கிடையாது. அன்றைக்கு அது ஊருக்கான பூங்கா. நாய் கூட்டிக்கொண்டு வருகிறவர்களும் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறவர்களும் உலகத்தின் பேர்போன புல்வெளியில் சாதாரணமாக நடப்பார்கள். நானும் ரயில் பிடித்து, லூக்கர்ஸில் இறங்கி, பஸ் ஏறி ஒரு ஞாயிறு அங்கே போனேன். தொலைக்காட்சியில் பார்த்தபோது அது ஒரு தட்டையான மைதானம் போலத்தான் தெரிந்திருந்தது. காலால் நடந்தால்தான் தெரிகிறது, அங்கே தட்டையாகப் பத்தடி கிடையாது. கடல் அலை அப்படியே புல்லாக உறைந்துபோன மாதிரி. ஒரு அடி உயர மடிப்பு, அடுத்து இரண்டு அடிப் பள்ளம், அதன் ஓரத்தில் இன்னொரு மடிப்பு என்று போய்க்கொண்டே இருக்கிறது. பந்து அதில் எங்கே நிற்கும் என்பதை ஆட்டக்காரர் முழுசாகத் தீர்மானிக்க முடியாது, ஆனால் பழகியவருக்குப் பாதி தெரியும்.

அந்தத் திடலில் 112 பங்கர் இருக்கின்றன, பலவற்றுக்கும் தனித்தனிப் பெயர். நரகம், சவப்பெட்டி, கல்லூரி முதல்வரின் மூக்கு என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். டீயில் நின்று பார்த்தால் அதில் பாதி கண்ணிலேயே படாது. இதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு அந்தத் திடலை இன்றைக்கு ஆடுவதற்கு எதிர்த்திசையில் சுற்றி ஆடினார்கள், அந்தத் திசையில் நேராகத் தெரிந்த பள்ளங்கள் இப்போது முதுகு காட்டிக்கொண்டு மேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. இது அநியாயம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊருக்குள் பழகினவனுக்கு எந்தத் தெருவில் எந்த வீட்டு முன்னால் சாக்கடை மூடி உடைந்திருக்கிறது என்று தெரியும், புதுசாக வருகிறவன் ஒரு தடவை விழுந்து தெரிந்துகொள்வான். நிலத்துக்கு ஞாபகம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்வதும் ஆட்டத்தில் சேர்த்திதான்.

பதினேழாவது குழிக்கு ரோடு ஹோல் என்று பெயர். நான் அதன் பங்கர் ஓரத்தில் கால் மணி நேரம் நின்றேன், அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நீளம் 495 கெஜம், பார் 4. டீயிலிருந்து நேராகப் பார்த்தால் ஃபேர்வே தெரியாது, ஒரு ஹோட்டல் கட்டடத்தின் ஓரம்தான் தெரியும். அந்த இடத்தில் முன்பு ரயில்வே கொட்டகைகள் இருந்தன, அவற்றின் உருவத்தை இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்கள். கட்டடத்துக்கு மேலே வலது பக்கமாக அடிக்கத் துணிந்தால் இரண்டாவது அடிக்கு கிரீன் நல்ல கோணத்தில் திறந்து கிடக்கும். பயந்து இடது பக்கம் அடித்தால் புல்வெளி தாராளமாக இருக்கும், ஆனால் அங்கிருந்து கொடிக்கும் உங்களுக்கும் நடுவில் அந்த ஒற்றைப் பங்கர் குறுக்கே நிற்கும். கிரீன் சப்பையாக, சாய்வாக, ஒரு திண்ணை மாதிரி உயர்ந்து கிடக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு ரோடு, ரோட்டுக்குப் பின்னால் கல்சுவர். பந்து ரோட்டில் போய் விழுந்தால் எடுத்து வைக்க முடியாது, ரோட்டிலேயே நின்று அடிக்க வேண்டும்.

பங்கரின் சுவரைப் பக்கத்தில் பார்த்தேன். புல்லோடு வெட்டிய மண் கட்டிகளைச் செங்கல் வரிசை மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக எழுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு வரிசையும் உள்ளே நாலு விரல் கனம் இருக்கும், வரிசைக்கு நடுவில் காய்ந்த வேர் மயிர் மாதிரி வெளியே தொங்குகிறது. காற்றும் உப்பும் தின்றுவிடுவதால் சில வருடங்களுக்கு ஒரு முறை பிரித்து மறுபடி கட்டுவார்களாம். ஆனால் அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது சுவர் இல்லை. பங்கரைச் சுற்றியுள்ள தரை எட்டுப் பத்து கெஜத்துக்கு முன்பே அதை நோக்கிச் சரிய ஆரம்பித்துவிடுகிறது. அந்தப் பள்ளத்தின் வாய் சின்னது, பிடிக்கிற பரப்பு பெரியது, கிணற்றைச் சுற்றிச் சரிவாகத் தளம் போட்டால் சிந்தின தண்ணீரெல்லாம் ஓரிடத்துக்கு வருகிற மாதிரி. பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டியான ஓபனில், 1978ஆம் வருடம், ஜப்பானைச் சேர்ந்த டாமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்துவிட்டார், அங்கிருந்து மெதுவாகத் தட்டிய பந்து சரிவில் திரும்பி இந்தப் பங்கருக்குள் இறங்கியது. வெளியே எடுக்க முடியாமல் அடித்து அடித்து அந்தக் குழியில் 9 ஆனது. தண்ணீரும் இல்லை, மரமும் இல்லை, ஒரே ஒரு பள்ளமும் அதைச் சுற்றிய சரிவும்.

நல்ல கடலோரக் குழியின் சூத்திரம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வழி அகலமாக இருக்கும், எல்லாருக்கும் இடம் உண்டு, யாரையும் முதல் அடியிலேயே கழுத்தைப் பிடிக்காது. ஆனால் அந்த அகலத்தில் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதற்கு விலை இருக்கும். ஆபத்தை ஒட்டிப் போகிறவனுக்கு அடுத்த அடி சுலபம், ஒதுங்கிப் போகிறவனுக்கு அடுத்த அடியில் கஷ்டம் வந்து சேரும். எங்கள் கோலிக் குழிச் சண்டையும் இதற்காகத்தான்.

எடின்பரோவுக்குக் கிழக்கே நார்த் பெர்விக் என்று ஒரு ஊர். அங்கே பதினைந்தாவது குழியின் பெயர் ரெடான். கிரிமியப் போரில் ரஷ்யர்கள் கட்டிய முக்கோணக் கோட்டை அரணின் பெயர் அது, போருக்குப் போய் வந்த ஒருவர் வைத்த பெயர் என்பார்கள். ஒரே அடியில் கிரீனைத் தொட வேண்டிய குழி, கிட்டத்தட்ட 190 கெஜம். அந்த கிரீன் நம்மைப் பார்த்து நேராக இல்லாமல் வலது முன்பக்கத்திலிருந்து இடது பின்பக்கத்துக்குச் சாய்ந்து ஓடுகிறது, அதுவும் நம்மைவிட்டு விலகிச் சரிகிறது. இடது முன்பக்கம் ஆழமான பங்கர். கொடி இடது பக்கம் இருக்கிறதே என்று நேராகக் கொடிக்கு அடித்தால், ஒன்று பங்கருக்குள் விழும், இல்லை அதைத் தாண்டி விழுந்து நிற்காமல் பின்னால் ஓடிவிடும். கொடியை மறந்துவிட்டு வலது தோள்பக்கம் போட வேண்டும், தரை அதை வாங்கித் திருப்பி இடது பக்கமாக மெதுவாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். உலகத்தில் இதைவிட அதிகமாக நகல் எடுக்கப்பட்ட குழி இருக்கிறதா தெரியவில்லை. எனக்கு மிகவும் பிடித்த குழியும் இதுதான், ஏனென்றால் இதில் பலம் ஒன்றும் செய்யாது, தரையிடம் பந்தை ஒப்படைக்கிற நம்பிக்கைதான் வேண்டும்.

சின்னக் குழிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ராயல் ட்ரூன் திடலின் எட்டாவது குழி வெறும் 123 கெஜம். கிரீன் அவ்வளவு குறுகல் என்பதால் தபால்தலை என்றே பெயர். சுற்றிலும் ஐந்து பங்கர். 1950 ஓபனில் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் டிசீஸ் அங்கே 15 அடி எடுத்துக்கொண்டார். 1973 ஓபனில் ஜீன் சரசன், 71 வயதில், முதல் நாள் ஒரே அடியில் குழிக்குள் போட்டார். மறுநாள் பந்து பங்கரில் விழ, அங்கிருந்தே நேராகக் குழிக்குள் போட்டார். இரண்டு நாளும் அந்தக் குழியில் கிரீனில் உருட்டும் மட்டையை அவர் கையில் எடுக்கவே இல்லை. ஒரே 123 கெஜம் ஒருவருக்கு 15, ஒருவருக்கு 1. நீளம் கூடினால் குழி கஷ்டமாகும் என்று நினைத்து இன்றைக்குத் திடல்களை இழுத்து இழுத்து நீட்டிக்கொண்டே போகிறவர்கள் இந்தக் குழியின் ஓரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

காற்றுக்கு வருகிறேன். தரை பாதி வேலை செய்கிறதென்றால் மீதியை அது செய்கிறது.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று பணகுடி, ராதாபுரம் பக்கம் எப்படி அடிக்கும் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அம்மி பறக்கிற காற்று. ஓபன் போட்டியும் ஜூலையில்தான் நடக்கும், அதாவது இங்கே காற்றாலைகள் ஓய்வில்லாமல் சுற்றுகிற அதே மாதத்தில். எதிர்க்காற்று பந்திலிருந்து பறிக்கிற தூரம், பின்காற்று கொடுக்கிற தூரத்தைவிட எப்போதும் அதிகம். காரணம் சுழற்சி. மட்டை பட்டதும் பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே போகும், எதிர்க்காற்றில் அந்தச் சுழற்சி பந்தை மேலே தூக்கிவிடும், தூக்கின பந்து முன்னே போகாமல் மேலே போய் அப்படியே இறங்கும். அதனால் கடலோர ஆட்டக்காரர்கள் பந்தைத் தாழ்த்தி அடித்துத் தரையோடு ஓடவிடுவார்கள். இதைத் தெரிந்து வரைந்த குழிகளில் கிரீனின் முன்வாசல் திறந்திருக்கும். வாசலில் குறுக்கே குளம் வெட்டி வைத்திருந்தால் காற்றில் ஆடுகிறவனுக்கு வழியே இல்லை.

காற்று ஒரு குழியை இரண்டு குழி ஆக்கிவிடும். கலிஃபோர்னியாவில் பெபிள் பீச் திடலின் ஏழாவது குழி 107 கெஜம்தான், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனையில். காற்றில்லாத நாளில் ஆகச் சின்ன மட்டையை எடுத்துத் தட்டிவிடலாம். 1992 அமெரிக்க ஓபனின் கடைசி நாளில் டாம் கைட் அதே தூரத்துக்கு 6ஆம் எண் அயர்ன் எடுத்தார், வழக்கமாக அதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தூரம் போகிற மாதிரி மட்டை அது. அப்படியும் பந்து கிரீனில் நிற்கவில்லை. பக்கத்திலிருந்து தட்டிக் குழிக்குள் போட்டு, அந்தப் போட்டியையும் ஜெயித்தார்.

பழைய திடல்கள் பெரும்பாலும் கடலோரமாக ஒன்பது குழி போய், அப்படியே திரும்பி ஒன்பது குழி வரும். மணல் பட்டை அகலம் அவ்வளவுதான், வேறு வழியில்லை. போகும்போது முதுகில் காற்று, வரும்போது முகத்தில் காற்று, ஒரு சுற்றுக்கு இரண்டே காற்று. முயர்ஃபீல்ட் திடலில் வேறு மாதிரி செய்தார்கள்: வெளிவட்டம் ஒன்பது குழி வலம் சுற்றும், உள்வட்டம் ஒன்பது குழி இடம் சுற்றும். அதனால் அடுத்தடுத்த குழிகளில் காற்று வேறு வேறு பக்கத்திலிருந்து வந்து உரசும், ஆட்டக்காரர் ஒவ்வொரு டீயிலும் புதிதாக யோசிக்க வேண்டும். மேல்காற்று வேறு, கொண்டல் வேறு, வாடை வேறு என்று உவரிக் கட்டுமரக்காரர் ஒருவர் படகு தள்ளும் முன் நின்று பார்க்கிற அந்த ஒரு நிமிடம், அதைத்தான் முயர்ஃபீல்ட் பதினெட்டு தடவை கேட்கிறது.

பார்க்க முடியாத குழிகளும் உண்டு. ஓபன் போட்டி 1860இல் எட்டே பேரோடு தொடங்கிய பிரெஸ்ட்விக் திடலில் ஆல்ப்ஸ் என்ற பதினேழாவது குழியில் இரண்டாவது அடியை ஒரு மணல் மலைக்கு மேலே, கிரீன் எங்கே என்று தெரியாமல் அடிக்க வேண்டும். அயர்லாந்தில் லாஹிஞ்ச் திடலில் டெல் என்ற குழியில் கிரீன் இரண்டு மேட்டுக்கு நடுவில் மறைந்து கிடக்கும். மேட்டின் மேல் ஒரு வெள்ளைக் கல் வைத்திருப்பார்கள், கொடி நகர்ந்தால் கல்லும் நகரும். அந்தக் கல்லைப் பார்த்து அடிக்க வேண்டும். இந்தக் காலத்து வரைவாளர்கள் இந்த மாதிரிக் குழியைப் போட மாட்டார்கள், அடித்த பந்து எங்கே போனது என்று தெரியாவிட்டால் காசு கொடுத்து ஆடுகிறவருக்குக் கோபம் வரும் என்ற பயம். ஆனால் அடித்துவிட்டு அந்த மேட்டின் மேல் ஏறிப் பார்க்கப் போகிற ஐம்பது அடி நடையில் இருக்கிற ஆவல் வேறு எந்தக் குழியிலும் கிடைக்காது.

கார்னூஸ்டி திடலின் பதினெட்டாவது குழியில் பேரி என்ற ஓடை ஒன்று ஓடுகிறது. 1999 ஓபனில் பிரான்ஸின் ஜான் வான் டி வெல்ட் மூன்று அடி முன்னிலையோடு அந்தக் குழிக்கு வந்தார், ஆறு அடித்தாலும் பட்டம் அவருக்கு. பந்து பார்வையாளர் மேடைக் கம்பியில் பட்டுத் திரும்பி, ஓடைக் கல்லில் பட்டுத் திரும்பி, முரட்டுப் புல்லில் விழுந்து, அங்கிருந்து ஓடைக்குள் போனது. காலணியைக் கழற்றித் தண்ணீரில் இறங்கி நின்று யோசித்தார். ஏழு ஆனது, சமநிலையை முறிக்க ஆடிய பிளே-ஆஃபில் பால் லாரி ஜெயித்தார். எல்லாரும் அவருடைய முடிவுகளைத்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்த ஓடை ஒரே குழிக்குள் வளைந்து வளைந்து வருவதால், எத்தனை கெஜம் அடித்தாலும் எங்கேயோ ஓர் இடத்தில் அதற்குக் கணக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இதற்கு நேர் எதிராக ஸ்காட்லாந்தின் வடக்கே டார்னாக் திடலில் பதினான்காவது குழி. ஃபாக்ஸி என்று பெயர். பங்கர் ஒன்றுகூடக் கிடையாது. ஓர் இயற்கையான மணல் வரப்பு வலது பக்கமாக நீண்டு, கிரீன் இருக்கும் இடத்தில் மேடாக உயர்கிறது, அவ்வளவுதான். அதை யாரும் தொடாமல் விட்டார்கள்.

கடலோரம் எல்லாமே லிங்க்ஸ் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். பெபிள் பீச்சும் அதன் பக்கத்தில் 1928இல் திறந்த சைப்ரஸ் பாயின்டும் பாறை மேல் உள்ளவை, அங்கே கடல் நேராக எதிராளி. சைப்ரஸ் பாயின்டின் பதினாறாவது குழி கடலுக்கு மேலே 200 கெஜத்துக்கு மேல் தாண்டி அடிக்க வேண்டியது. முதலில் வரைய வந்த சேத் ரேனர் இவ்வளவு தூரம் யாராலும் தாண்ட முடியாது என்று தயங்கினாராம். அந்தத் திடலை உருவாக்கிய மேரியன் ஹாலின்ஸ் பந்தை வைத்து அங்கேயே ஓங்கி அடித்து அக்கரையில் விழவைத்தார், அங்கேதான் கிரீன் வந்தது. ரேனர் இறந்த பிறகு வரைந்தவர் அலிஸ்டர் மெக்கென்சி, தொழிலால் டாக்டர், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பணி செய்தபோது போயர்கள் பதுங்குகுழிகளை மறைத்த விதத்தைப் பார்த்துப் பாடம் படித்தவர். அவர் அந்தக் குழியின் இடது பக்கம் நிலத்தைத் தாராளமாக விட்டு வைத்தார். தாண்டத் தெம்பில்லாதவர் இடது பக்கம் போட்டு, அங்கிருந்து ஒரு சின்ன அடியில் வந்துசேரலாம். படத்தில் பார்க்கிறவர்கள் கடலை மட்டும் பார்ப்பார்கள். அந்த இடதுபக்க நிலம் இல்லாவிட்டால் அது வெறும் மிரட்டல்.

நல்ல குழிகளைத் தூக்கிக்கொண்டு போய் வேறு ஊரில் நட்டவரும் ஒருவர் உண்டு. சார்ல்ஸ் பிளேர் மெக்டொனால்ட் என்ற அமெரிக்கர் செயின்ட் ஆண்ட்ரூஸில் படித்தவர். பிரிட்டன் முழுக்க நடந்து நடந்து ரெடான், ஆல்ப்ஸ், ரோடு போன்ற குழிகளை அளந்து வரைந்து, லாங் ஐலண்டில் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் என்ற திடலில் அவற்றின் சாரத்தை வைத்துக் குழிகள் கட்டினார், 1911இல் திறப்பு. அங்கேயும் மணல், கடல் காற்று, அதனால் பிடித்துக்கொண்டது. பின்னால் வந்தவர்கள் களிமண்ணில் ரெடான் கட்டினார்கள், மழை பெய்து நனைந்த கிரீனில் பந்து விழுந்த இடத்திலேயே புதைந்து நின்றது. உருளாத தரையில் ரெடான் ஒரு சாய்ந்த கிரீன், அவ்வளவுதான்.

புல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்களுக்கு இது பிடிக்கும். குளிர் நாட்டு லிங்க்ஸில் வளரும் ஃபெஸ்க்யூ புல் நம் வெயிலுக்குத் தாங்காது. சூடான நாடுகளின் திடல்களில் போடுகிற பெர்முடா புல் வேறு ஒன்றுமில்லை, பிள்ளையாருக்கு வைக்கிற நம் அருகம்புல்லும் அதன் சாதியில் ஒட்டிப் பிறந்த ரகங்களும்தான். ஆனால் அது கூடுதலாகத் தண்ணீர் காட்டினால் மெத்தை மாதிரி படர்ந்துவிடும், பந்து நின்றுவிடும். அரைப்பட்டினி போட்டு வளர்த்தால்தான் உருளும்.

இதையெல்லாம் சொன்னால், அப்போ நம் தேரியில் ஒரு திடல் போடலாமே என்று கேட்பார்கள். நான் அதைக் கேட்டு எழுதவில்லை. நிலத்தடி நீர் ஊறுகிற இடம் அது, பனையும் கொல்லாமரமும் உடைமரமும் நிற்கிற இடம், அதைப் புல்லுக்காகத் தண்ணீர் உறிஞ்சும் இடமாக்க எனக்கு மனசு வராது. அபர்டீனுக்கு வடக்கே ஃபவரன் லிங்க்ஸ் என்ற மணல் காடு இருந்தது, காற்றில் நகர்ந்துகொண்டே இருக்கும் மேடுகளுக்காகவே பாதுகாக்கப்பட்ட இடம். அதன் ஒரு பகுதியில் 2012இல் கோல்ஃப் திடல் திறந்தார்கள், நகர்கிற மணலைப் புல் நட்டு நிறுத்தினார்கள். 2020இல் அந்தப் பாதுகாப்புத் தகுதியே நீக்கப்பட்டது, பாதுகாக்க வேண்டிய குணம் போய்விட்டது என்ற காரணத்தால். நான் அதன் வேலி ஓரம் நடந்திருக்கிறேன். பழைய குழிகள் நிலம் இருந்தபடி இருந்ததால் பிறந்தவை, அங்கே நிலத்தைக் குழிக்காகக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். ஒரே வேலை மாதிரித் தெரியும், முற்றிலும் வேறு வேலை.

ஆனால் கண்ணால் குழி போட்டுப் பார்க்க யாரும் தடுக்கவில்லை. போன ஆடியில் ஊருக்கு வந்தபோது அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு குட்டம் தேரிப் பக்கம் போனேன். மேட்டின் மேல் நின்றால் கீழே ஒரு தாழ்வு, தாழ்வுக்கு அப்பால் ஒரு சின்ன மேடு, அதன் இடது ஓரத்தில் இரண்டு பனை. காற்று காதில் இரைந்தது, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

“மாமா, கொடிய எங்க வைக்கணும்?” என்றான்.

“அந்த ரெண்டு பனைக்குப் பின்னால.”

“அப்பம் பனைக்கு நேரா அடிச்சா?”

“நேரா அடிச்சா மேல்காத்து பந்த இடப்பக்கமா கொண்டு போயிரும்லே. வலது பக்க மேட்டுல போடு, காத்தும் சரிவும் சேந்து அதுவா உருட்டிக் கொண்டு வந்து விடும்.”

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம், “ஐப்பசியில கொண்டல் அடிக்கும்லா, அப்பம் எங்க போடணும்?” என்று கேட்டான். நான் மேட்டிலிருந்து இறங்கி இடது பக்கமாக நடந்துபோய், பனை மூட்டுக்கு இந்தப் பக்கம் குதிங்காலை ஊன்றி ஓர் அடையாளம் போட்டேன்.